லாரியில் ஏறாத சீருடைகள்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று பெயரிட்டிருக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை மிகக் குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிகிறார்கள்; கையால் பிடிக்கிறார்கள்; தீப்பிடித்த வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடுபவன் மீது மலை போன்ற மனிதர்கள் வந்து விழுகிறார்கள். தக்கலையில் மாலை வேளைகளில் கட்டன் சாயாவுக்காகக் கூடும் எங்கள் ஐந்து பேரில் எவருக்கும் அதன் விதிகள் இன்றுவரை முழுதாகப் பிடிபட்டதில்லை. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பதற்கு அப்பால் எங்கள் அறிவும் முன்னேறவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் ஓரத்தில் நடக்கும் இரண்டு காரியங்கள் எங்களைப் பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று, அணிகள் ஊரைவிட்டுப் போவது. மற்றது, ஆட்டக்காரர்கள் ஆட்டத்தைவிட்டுப் போவது.

இதற்கு வாசலைத் திறந்துவிட்டவர் எங்களில் ஒருவருடைய தங்கையின் கணவர். பொறியாளர். கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து நகரை ஒட்டிய பகுதியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவர். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அங்குள்ள ரெய்டர்ஸ் அணியின் கறுப்பும் வெள்ளியுமான சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சந்தைக்கு மீன் வாங்கப் போவார். அந்த அணி 1960இல் ஓக்லாந்தில் தோன்றியது. 1982இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. 1995இல் திரும்பி வந்தது. 2020இல் லாஸ் வேகாஸுக்குப் போயேவிட்டது. அங்கே புதிய மைதானம் கட்ட, விடுதி அறைகளின் மீது வரி விதித்து 75 கோடி டாலர் பொதுப்பணம் தர நெவாடா மாநிலம் முன்வந்தது. அதன் பிறகு வந்த விடுமுறையில் அவர் அந்தச் சட்டையை அணியவில்லை. "எங்க போனா என்ன மாப்பிள்ளை, டி.வி.யில பாக்கலாமே" என்று எங்களில் ஒருவர் கேட்டார். "பாக்கலாம் அண்ணாச்சி. ஆனா ஜெயிச்சா யாரு கூட நின்னு சத்தம் போடுறது?" என்றார் அவர். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அங்கே அணி என்பது ஓர் உரிமையாளரின் சொத்து. ஊரின் பெயர் அதன் முன்னால் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மைதானம் பழையதாகிவிட்டது, ஊர்ப்பணத்தில் புதிது கட்டித் தாருங்கள், இல்லையென்றால் தருகிற ஊர் இருக்கிறது என்று உரிமையாளர் சொல்வார். நகரசபை கையைப் பிசையும். பள்ளிக்கூடத்துக்கும் சாக்கடைக்கும் பணம் போதாத ஊர், செல்வந்தருக்கு மைதானம் கட்டிக் கொடுப்பதா என்று நியாயமானவர்கள் கேட்பார்கள். கேட்டு முடிப்பதற்குள் அணி போயிருக்கும்.

இப்படிப் போனவற்றுள் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி போன விதம் ஒரு சிறுகதைக்குரியது. 1984 மார்ச் 28. அணியைச் சட்டப்படி கையகப்படுத்த வழி செய்யும் மசோதா ஒன்று மேரிலாந்து மாநிலச் சட்டமன்றத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. உரிமையாளர் காத்திருக்கவில்லை. அன்றிரவே, பனி பெய்துகொண்டிருக்கையில், வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியின் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. தலைக்கவசங்கள், மேசைகள், கோப்பைகள், கோப்புகள் அனைத்தும் ஏற்றப்பட்டன. விடிந்தபோது அணி இண்டியானாபோலிஸ் போகும் சாலையில் இருந்தது. கடனுக்குப் பயந்து இரவோடிரவாக வீட்டைக் காலி செய்யும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஓர் ஊரின் முப்பது ஆண்டுக்கால ஞாயிற்றுக்கிழமைகளை அவ்விதம் கட்டி ஏற்றிக்கொண்டு போக முடியும் என்பது எங்களுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

ஆனால் லாரியில் ஏறாத பொருள் ஒன்று இருந்தது. அந்த அணிக்கென்று ஒரு பேண்டு வாத்தியக் குழு உண்டு. ஊர்க்காரர்கள் ஆர்வத்தால் சேர்ந்து வாசித்து வந்தது. அதன் சீருடைகள் அன்று சலவைக் கடையில் கிடந்தன. அதனால் தப்பின. அணி போன பிறகும் அந்தக் குழு கலையவில்லை. ஊர்வலங்களில் வாசித்தது, பிற ஊர் மைதானங்களில் வாசித்தது, புதிய மைதானம் கேட்டு அரசியல்வாதிகள் முன்னால் வாசித்தது. இல்லாத ஓர் அணிக்காக ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள். சாமி புறப்பட்டுப்போன கோவிலில் நாதஸ்வரக்காரர்கள் மட்டும் வேளை தவறாமல் வந்து வாசித்துவிட்டுப் போவதாகக் கற்பனை செய்து பார்க்க வேண்டும்.

1996இல் பால்டிமோருக்கு மீண்டும் ஓர் அணி கிடைத்தது. எப்படி என்றால், கிளீவ்லாந்து நகரத்தின் அணி அங்கே வந்தது. பறிகொடுத்த ஊர் தன் முறை வந்தபோது தயக்கமின்றிப் பறித்துக்கொண்டது. (அந்தப் புதிய அணிக்கு ஊர்மக்கள் வாக்களித்துச் சூட்டிய பெயர் ரேவன்ஸ். பால்டிமோரில் 1849இல் இறந்துபோன எட்கர் ஆலன் போவின் புகழ்பெற்ற கவிதையின் பெயர் அது. கவிதையின் பெயரை விளையாட்டு அணிக்குச் சூட்டும் ஊர் மீது எங்களால் நெடுநேரம் கோபமாக இருக்க முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.) கிளீவ்லாந்துக்காரர்கள் அழுதுவிட்டு விட்டுவிடவில்லை. நகரம் நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் எட்டிய உடன்பாட்டின்படி உரிமையாளர் ஆட்டக்காரர்களைக் கொண்டுபோகலாம். பெயரையும் நிறங்களையும் அணியின் பழைய வரலாற்றையும் கொண்டுபோக முடியாது. அவை ஊரில் இருக்கும். 1999இல் புதிய அணி ஒன்று அதே பெயரில், அதே நிறத்தில் அங்கே ஆடத் தொடங்கியது. அது அதிகம் ஜெயிப்பதில்லை என்பது வேறு விஷயம். யார் எடுத்துப் போனாலும் பெயர் எங்களுடையது என்று ஓர் ஊர் எழுதி வாங்கிக்கொண்டது எங்களை நெடுநாள் யோசிக்க வைத்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மாப்பிள்ளையை ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போயிருந்தோம். தக்கலையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். உள்ளூர்க்காரர்கள் விருந்தாளி வந்தால் மட்டுமே உள்ளே போகும் இடம் அது. எங்களுக்கும் அப்படித்தான். திருவிதாங்கூரின் தலைநகரம் 1795இல் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு நேர்ந்தவை வினோதமானவை. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனையோ கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் நின்றது. இன்றும் அப்படியே இருக்கிறது. ஊர் ஒரு மாநிலத்தில், ஊரின் பழைய பெருமைக்கான சாவிக்கொத்து இன்னொரு மாநிலத்தில். ஓக்லாந்துக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். அங்கேயும் ஒரு காலத்தில், போய்விட்ட அணியின் பழைய கோப்பைகள் யாருடையவை என்று இப்படித்தான் பேசிக்கொண்டார்களாம்.

தலைநகரம் போன பிறகு நவராத்திரி விழாவும் திருவனந்தபுரத்துக்குப் போனது. ஆனால் தெய்வங்கள் முழுவதுமாகப் போகவில்லை. ஆண்டுதோறும் பத்மநாபபுரம் தேவாரக்கெட்டிலிருந்து சரஸ்வதி யானை மீது புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் சேர்ந்துகொள்கிறார்கள். அரண்மனையில் உடைவாள் கைமாறும் சடங்கு நடக்கிறது. இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செய்ய, களியக்காவிளையில் எல்லை தாண்டிப் போய், விழா முடிந்ததும் அதே வழியில் திரும்பி வருகிறார்கள். அந்தச் சரஸ்வதியைக் கம்பர் வழிபட்டார் என்பது ஐதீகம். இலக்கியவாதிகள் என்று சொல்லிக்கொள்ளும் எங்களுக்கு அதில் ஒரு ரகசியப் பெருமை உண்டு. அரசாங்கம் இடம் மாறினாலும் தெய்வத்தின் வீடு இன்னதென்று யாரோ பிடிவாதமாக நின்றிருக்கிறார்கள். கிளீவ்லாந்து நகரம் வழக்குத் தொடுத்துப் பெற்றதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை என்று எங்களுக்குத் தோன்றியது.

நம் பக்கம் விளையாட்டு அணிகள் நெடுங்காலம் இடம் மாறியதே இல்லை. காரணம் எளிது. அவை ஊருக்குச் சொந்தமாகவும் இருக்கவில்லை, வியாபாரிக்குச் சொந்தமாகவும் இருக்கவில்லை; அலுவலகங்களுக்குச் சொந்தமாக இருந்தன. சென்னையில் இந்தியன் வங்கி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே, சுங்கத்துறை. எல்லைக்கு அப்பால் கேரள போலீஸ், டைட்டானியம், திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி. எங்கள் பகுதிப் பையன்களுக்குச் சென்னையை விடத் திருவனந்தபுரம் அருகில் என்பதால் எங்கள் இளமையில் பார்த்த பெரிய ஆட்டங்கள் எல்லாம் அங்கேதான். காலையில் பேருந்து ஏறினால் ஆட்டம் பார்த்துவிட்டு இரவுச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம்.

அந்த ஏற்பாட்டில் ஆட்டக்காரனின் ஓய்வு என்பது சத்தமில்லாத காரியம். முப்பத்திரண்டு வயதில் முழங்கால் சொல்வதைக் கேட்டு அவன் மைதானத்திலிருந்து மேசைக்குப் போவான். மறுநாள் காலை பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டுக்கொண்டிருப்பான். வங்கிக் கவுண்டரில் நமக்கு வரைவோலை எழுதித் தந்த, தொந்தி விழுந்த மனிதர் ஒரு காலத்தில் சந்தோஷ் டிராபியில் ஆடியவர் என்பதை அவர் பணி ஓய்வு பெறும் நாளில் போட்ட பொன்னாடையின்போதுதான் அறிந்துகொண்டோம். அதில் பெருமை குறைவு. ஆனால் மாதச் சம்பளம் இருந்தது, பென்ஷன் இருந்தது.

அதுவும் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. வி.பி. சத்யன் கேரள போலீஸ் அணியின் தூணாக நின்று 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்று தந்தவர். இந்திய அணியின் தலைவராக இருந்தவர். பின்னர் சென்னையில் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 2006 ஜூலையில் பல்லாவரத்தில் ரயில் பாதையில் அவர் வாழ்க்கை முடிந்தபோது வயது 41. வேலை இருந்தது. குடும்பம் இருந்தது. காயம்பட்ட கால் இருந்தது. ஆட்டம் மட்டும் இல்லை. 2018இல் அவரைப் பற்றி மலையாளத்தில் 'கேப்டன்' என்ற படம் வந்தபோது எங்களில் இருவர் அதைப் பார்த்துவிட்டு வந்து அன்று மாலை ஒன்றும் பேசவில்லை. அறுபது வயதில் ஓய்வு பெறுகிறவனுக்கு அதன் பின் முதுமை இருக்கிறது. முப்பதில் ஓய்வு பெறுகிறவனுக்கு அதன் பின் ஒரு முழு ஆயுள் கிடக்கிறது. அதை எப்படிச் செலவிடுவதென்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பிறகு வியாபார அணிகளின் காலம் வந்தது. அவற்றோடு இடப்பெயர்ச்சியும் வந்தது. 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை சூப்பர் கிங்ஸின் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டதும், ரசிகர்கள் தனி ரயிலில் ஏறிப் பின்னாலேயே போனதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அது ஒரு பருவத்து விருந்துதான், திரும்பி வந்துவிட்டார்கள். கால்பந்தில் அப்படியில்லை. இந்தியன் சூப்பர் லீகில் தில்லி அணி 2019இல் புவனேஸ்வரத்துக்குப் போய் ஒடிசா ஆனது. புனே அணி மூடப்பட்டு அந்த இடத்தில் ஹைதராபாத் அணி வந்தது. 2022இல் அந்த ஹைதராபாத் கோப்பையை வென்றது. 2025இல் அதே அணி தில்லிக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது. பறிகொடுத்த தில்லி இன்னோர் ஊரின் அணியைப் பெற்றுக்கொண்டது என்று பார்த்தால் பால்டிமோர் கதைதான். வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே எந்த ஊரும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. எந்தப் பேண்டுக் குழுவும் தொடர்ந்து வாசிக்கவில்லை.

எங்களுக்கு நெருக்கமாக நடந்தது சென்னை சிட்டி அணியின் கதை. அதன் மூலவேர் 1946இல் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். 2016-17 பருவத்தில் ஐ-லீகில் நுழைந்து சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. அந்த மைதானம் ஏற்கெனவே சென்னையின் எஃப்.சி. அணியின் வீடு. அடுத்த பருவத்தில் சென்னை சிட்டி கோயம்புத்தூருக்குப் போனது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கோவை நேரு ஸ்டேடியத்தில் கோவைக்காரர்கள் "சென்னை, சென்னை" என்று கூவியதை வேறெந்த ஊரிலும் கேட்க முடியாது. தென்மேற்குத் தமிழர்களான எங்களுக்கு இரண்டு ஊருமே தூரம்தான். ஆனாலும் நாகர்கோவிலிலிருந்து கோவைக்குப் போகும் இரவு ரயிலில் ஒரு முறை கிளம்பிப் போனோம். மைதானத்தைச் சுற்றிலும் கடைகள். விளையாட்டுச் சாமான்கள் தொங்கும் அந்தக் கடைகளுக்கு நடுவே நுழைவாயிலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் போனதற்குக் காரணம் கோவையும் அல்ல, சென்னையும் அல்ல. 2017-18 பருவத்தில் அந்த அணியின் நடுக்களத்தில் ஆடிய மைக்கேல் சூசைராஜ். குழித்துறையாறு கடலில் சேரும் இடத்திலிருந்து கேரள எல்லை வரை நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் எட்டுக் கடற்கரை ஊர்களில் ஒன்றான இரவிபுத்தன்துறைக்காரர். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் அதே அணியில் ஆடினார். இந்த எட்டு ஊர்களும் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பதற்குப் பேர்போனவை. கரையில் இருக்கும் நாட்களில் ஆண்கள் செய்யும் காரியம் ஒன்றுதான்: கால்பந்து. வெறுங்காலோடு கடல்மணலில் ஆடப் பழகியவனுக்குப் புல்தரை பாயை விரித்தது போல. பந்து காலைவிட்டு அகலாமல் அவர் ஓடுவதைப் பார்த்தபோது அது மணல் கொடுத்த கால் என்று எங்களுக்குப் புரிந்தது.

அந்தப் பருவம் தொடங்கியது 2017 நவம்பர் கடைசியில். அதே நவம்பர் 29ஆம் தேதி இரவு ஒக்கி புயல் வந்தது. அந்த எட்டு ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தக்கலையில் எங்களுக்கு மரங்கள் சாய்ந்தன, ரப்பர் தோட்டங்கள் படுத்தன, நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அவர்களுக்கு வீட்டுக்கு வீடு சாவு. அந்த டிசம்பரில் அக்கரை மனிதர்கள் சாலையிலும் ரயில் பாதையிலும் உட்கார்ந்து தங்கள் பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாதங்களில் தொலைக்காட்சியில் அந்த ஊர்ப் பெயர்கள் இரண்டு விதமாக மட்டுமே ஒலித்தன. செய்தியில் ஒரு விதமாக, கால்பந்து வர்ணனையில் ஒரு விதமாக. ஒரு பையன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கும் ஓர் ஊரின் துக்கத்துக்கும் தொடர்பு கற்பிப்பது மலிவான காரியம் என்று தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த பருவத்தில் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அவர் இல்லாமலே சென்னை சிட்டி 2019 மார்ச் 9ஆம் தேதி கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு மூன்று அடித்தார்கள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துக்கொண்டிருந்தது. கடைசியில் 43 புள்ளிகளுக்கு 42. ஒரே ஒரு புள்ளி. அன்று சாயாக்கடையில் ஒரு கைபேசியைச் சுற்றி ஐந்து தலைகள். சுற்றியிருந்தவர்கள் கிரிக்கெட் என்று நினைத்து ஸ்கோர் கேட்டார்கள். அவ்வாண்டே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அந்த அணியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. இனித் தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு விடிவுகாலம் என்று எங்களில் மூத்தவர் கூட நம்பினார். சாதாரணமாக எதையும் நம்பாதவர் அவர்.

பிறகு கொரோனா. 2020-21 பருவம் முழுவதும் வங்காளத்தில், பூட்டிய வாசல்களுக்குள் நடந்தது. அதற்கு அடுத்த பருவத்தில் ஐ-லீகில் அந்த அணியே இல்லை. சாம்பியன் ஆனதிலிருந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஓக்லாந்துக்காரருக்குத் தன் அணி எங்கே போயிற்று என்றாவது தெரியும். லாரி இல்லை, பனி இல்லை, இரவு இல்லை; அணி எந்த ஊருக்கும் போகாமலே போனது. அந்தப் பெயரை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்கக் கோவைக்கும் தோன்றவில்லை, சென்னைக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டு ஊர்களில் ஏதேனும் ஒன்றுக்கு அது உண்மையிலேயே சொந்தமாக இருந்திருந்தால் தோன்றியிருக்கும்.

அமெரிக்காவிலேயே இதற்கு ஒரு மாற்று உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வசிக்கும் சின்ன ஊர். நாகர்கோவிலை விடச் சிறியது. அதன் அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குகளால் ஆனது. இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. லாபத்துக்கு விற்க முடியாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஆனால் எந்தச் செல்வந்தரும் அதை லாரியில் ஏற்ற முடியாது.

ஆட்டக்காரர்கள் விடைபெறும் விதங்களைப் பற்றி எங்களுக்குள் ஓயாத தர்க்கம் உண்டு. கிளீவ்லாந்தின் ஜிம் பிரவுன் 1966இல், முப்பதே வயதில், இங்கிலாந்தில் ஒரு திரைப்படப் பிடிப்பில் இருந்தபடியே போதும் என்றார். டெட்ராய்டின் பேரி சாண்டர்ஸ் 1999இல், ஒரு பெரும் சாதனை இன்னும் ஒரு பருவத் தூரத்தில் இருக்கையில், சொந்த ஊர் நாளிதழுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். டாம் பிரேடி 2022இல் ஓய்வு அறிவித்து நாற்பது நாளில் திரும்பி வந்தார்; மறு ஆண்டு மறுபடியும் அறிவித்தார். நம் சுனில் சேத்ரியும் 2024 ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிக் கண்ணீரோடு விடைபெற்று, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக மீண்டும் வந்து கோலும் அடித்தார். தோனியோ 2020 சுதந்திர தினத்தன்று மாலையில், ஒரு பழைய இந்திப் பாட்டைப் போட்டு, இரண்டே வரியில் முடித்துக்கொண்டார்.

இவர்களில் எங்களை மிகவும் தொந்தரவு செய்தவர் ஆண்ட்ரூ லக். அந்த லாரிகளில் ஏறி இண்டியானாபோலிஸ் வந்து சேர்ந்ததே, அதே கோல்ட்ஸ் அணியின் நாயகன். காயம், மருத்துவம், மீட்சி, மறுபடியும் காயம் என்ற சுழலில் களைத்து, 29 வயதில், 2019 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஓய்வு பெற முடிவு செய்தார். முறையாக அறிவிப்பதற்குள், ஒரு பயிற்சி ஆட்டத்தின் நடுவில் செய்தி கசிந்துவிட்டது. அவர் மைதானத்தைவிட்டு வெளியேறியபோது சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். வலிக்கிறது என்று ஒருவன் சொல்வதைத் துரோகம் என்று கேட்ட கூட்டம் அது. ஆனால் அந்தக் கூட்டத்தை முற்றிலும் வெறுக்கவும் எங்களால் முடியவில்லை. அணி போகும்போதும் ஆட்டக்காரன் போகும்போதும் பின்னால் நிற்பவனுக்கு நிகழ்வது ஒன்றுதான். அவன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். மறு பக்கத்தில் கையெழுத்தே இல்லை என்று அன்றுதான் தெரிகிறது. ஆட்டக்காரனின் உடம்பு அவனுடையது. அதில் நமக்குப் பங்கு கிடையாது. அணி அப்படியல்ல என்று மட்டும் இன்றும் வாதிடுவோம்.

சூசைராஜின் கால் 2020 நவம்பரில், கோவாவில் ஆட்களற்ற மைதானத்தில் நடந்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, கால் மணி நேரம் ஆவதற்குள் முறிவுபோல் மடங்கியது. முழங்கால் தசைநார். பருவம் முழுவதும் போயிற்று. பின்னர் ஒடிசாவுக்கு ஆடினார். தில்லியிலிருந்து பெயர்ந்து போன அதே அணிக்கு. அவர் புகழ் பெற்றவர். அவர் எங்கே ஆடுகிறார் என்று செய்தித்தாள் சொல்லும். அவரைப் பார்த்துத் துணிந்து, துறைமுகத்து வேலையையோ அரசு வேலைத் தேர்வையோ விட்டுவிட்டு, ஒரு பருவம் இரண்டு பருவம் என்று கிளப்புகளுக்குக் கையெழுத்துப் போட்ட பையன்கள் அந்தக் கரையில் எத்தனையோ பேர். வங்கி மேசை இப்போது அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

சென்ற ஆண்டு கோடையில் அந்தக் கரையில் ஒரு செவன்ஸ் போட்டி பார்க்கப் போயிருந்தோம். அணிக்கு ஏழு பேர். ஒவ்வோர் அணியும் ஒரு பங்குக் கோவிலின் பெயரில். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் முழங்கிக்கொண்டிருந்தார். ஓர் அணியின் கோல் காப்பாளர் மட்டும் மற்றவர்களை விடப் பத்து வயது மூத்தவராகத் தெரிந்தார். வெளியூர்க் கிளப் ஒன்றில் இரண்டு பருவம் முன்கள ஆட்டக்காரராக இருந்தவராம். இப்போது கொச்சியிலிருந்து போட்டில் போகிறார்; கரையில் இருந்தால் ஊருக்காக வலைக்கு முன்னால் நிற்கிறார். ஓட முடியாது, நிற்கலாமே என்றார். இடைவேளையில் பேச்சுக் கொடுத்தோம். எப்போது ஓய்வு பெற்றீர்கள் தம்பி என்று எங்களில் ஒருவர், பத்திரிகைக்காரர் தோரணையில், கேட்டுவிட்டார்.

அவருக்கு அந்தச் சொல் உடனே பிடிபடவில்லை. பிறகு சிரித்தார்.

"அப்பிடி ஒண்ணும் யாரும் சொல்லல்லியே அண்ணே. அடுத்த வருசம் கூப்பிடல்ல. அவ்வளவுதான்."

கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். கடல் பக்கத்துக் கோல் கம்பத்தின் காலடியில் அலை ஏறியிருந்தது. முந்தின ஆனி ஆடியில் எடுத்த கரை இன்னும் நிறையவில்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து கம்பத்தை அசைத்துப் பிடுங்கி, தென்னைகளின் பக்கமாகப் பத்தடி உள்ளே தள்ளி நட்டார்கள். ஒருவன் காலால் மணலைக் கிழித்துப் புதிய கோடு போட்டான். நடுவர் அடியளந்து பார்த்துத் தலையாட்டிய பிறகு இரண்டாம் பாதி தொடங்கியது.